உடலைப் படித்த கருவிகள் – 19: கல்லீரலில் தோற்ற கேள்வி

சென்ற வாரக் கதை முடிந்தபோது எம்.ஆர்.ஐ. கருவி மருத்துவமனைக்குள் வந்துவிட்டது. 1980-களின் தொடக்கம். உடம்பிலுள்ள நீரின் ஹைட்ரஜன் கருக்களைக் காந்தத்தால் ஒழுங்குபடுத்தி, ரேடியோ அலையால் தட்டி, அவை திருப்பி அனுப்பும் சைகையைப் படமாக்கும் வித்தை கைவந்திருந்தது. உயிரோடு இருக்கும் மனிதரின் மூளையை அவ்வளவு தெளிவாக அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. ஆனால் பக்கவாதம் வந்த ஒருவரை முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் அந்தக் கருவிக்குள் படுக்கவைத்தால், பெரும்பாலும் படத்தில் ஒன்றும் தெரியாது. கை விழுந்திருக்கும், வாய் கோணியிருக்கும், பேச்சு குழறும். படத்தில் மட்டும் மூளை நலமாக இருக்கும். சி.டி. ஸ்கேனும் அப்படித்தான். ரத்தக்கசிவு இருந்தால் உடனே காட்டிக்கொடுக்கும். ரத்தக் குழாய் அடைபட்டு மூளை செத்துக்கொண்டிருந்தால், பல மணி நேரம் கழித்துத்தான் கருமை தட்டத் தொடங்கும்.

இந்தக் குறையைத் தீர்த்த வழி, இயற்பியலாளர்கள் முப்பது ஆண்டுகளாகத் தொல்லை என்று முணுமுணுத்துக்கொண்டிருந்த ஒன்றிலிருந்து வந்தது.

அந்தத் தொல்லையின் பெயர் விரவல், ஆங்கிலத்தில் டிஃப்யூஷன். ஒரு தம்ளர் நீர் அசையாமல் இருப்பதாக நமக்குத் தோன்றினாலும், அதிலுள்ள ஒவ்வொரு மூலக்கூறும் அண்டை மூலக்கூறுகளோடு மோதி மோதி, திசை தெரியாமல் அலைந்துகொண்டேயிருக்கிறது. 1827-இல் ராபர்ட் பிரௌன் என்ற ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் நுண்ணோக்கியில் கண்டது இதன் விளைவைத்தான். அவர் பார்த்தது மகரந்தத் தூள் ஆடுவதை என்று பல பாடநூல்கள் எழுதுகின்றன. உண்மையில் ஆடியவை மகரந்தத் துகளுக்குள்ளிருந்து வெளிவந்த, அதைவிட மிகச் சிறிய பொடிகள். 1905-இல் ஐன்ஸ்டைன் இந்த அலைச்சலுக்குக் கணக்கு எழுதினார். அலையும் துகள் கடக்கும் தூரம் நேரத்தோடு நேர்விகிதத்தில் கூடாது. நேரத்தின் வர்க்கமூலத்தோடுதான் கூடும். நான்கு மடங்கு நேரம் கொடுத்தால் இரண்டு மடங்கு தூரம். சில ஆண்டுகளில் பாரிஸில் ழான் பெரன் அதைச் சோதித்து நிறுவினார். அதற்காகவும் சேர்த்து 1926-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

காந்த ஒத்ததிர்வுக்காரர்களுக்கு இது இடைஞ்சலாக வந்து சேர்ந்தது. 1950-இல் எர்வின் ஹான், ரேடியோ அலையால் இருமுறை தட்டினால் கருக்களின் சைகை எதிரொலிபோல் மீண்டும் எழும் என்று காட்டினார். கூடவே இன்னொன்றையும் கவனித்தார்: காந்தப்புலம் இடத்துக்கு இடம் சற்று மாறினால் அந்த எதிரொலி எதிர்பார்த்ததைவிட மங்குகிறது, காரணம் மூலக்கூறுகள் நடுவில் இடம்பெயர்ந்துவிடுவது. 1954-இல் ஹெர்மன் காரும் எட்வர்ட் பர்செலும் இந்த மங்கலை எப்படி அளப்பது, எப்படித் தவிர்ப்பது என்று எழுதினார்கள். 1965-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்டெய்ஸ்காலும் ஜான் டானரும் அதைத் தலைகீழாக்கினார்கள். மங்கலைத் தவிர்ப்பதற்குப் பதில் வேண்டுமென்றே வரவழைத்து, அதிலிருந்து மூலக்கூறு எவ்வளவு அலைந்தது என்று கணக்கிட்டார்கள். இன்று உலகெங்கும் ஓடும் டிஃப்யூஷன் ஸ்கேனின் உயிர் இன்னமும் அவர்கள் போட்ட அந்த ஏற்பாடுதான்.

ஏற்பாடு இது. ஒரு பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் வரிசை வரிசையாக நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் விசிலுக்கு ஒவ்வொருவரும் தான் நிற்கும் வரிசையின் எண்ணுக்கு ஏற்ப வலப்பக்கம் திரும்ப வேண்டும்: முதல் வரிசை கொஞ்சம், பத்தாம் வரிசை நிறைய. சற்று இடைவெளி. இரண்டாம் விசிலுக்கு, அப்போது நிற்கும் வரிசையின் எண்ணுக்கு ஏற்ப இடப்பக்கம் திரும்ப வேண்டும். நின்ற இடத்திலேயே நின்றவர்கள் எல்லோரும் மறுபடி நேராக ஆசிரியரைப் பார்ப்பார்கள். இடையில் வரிசை தாண்டியவர்கள் மட்டும் கோணலாக நிற்பார்கள். கோணல் எத்தனை என்று பார்த்தால் எத்தனை பேர் எவ்வளவு தூரம் நகர்ந்தார்கள் என்று சொல்லிவிடலாம். விசில் என்பது காந்தப்புலத்தில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி மட்டும் போடப்படும் சரிவு. பிள்ளைகள், ஹைட்ரஜன் கருக்கள். அலைந்த நீரின் சைகை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மங்கும், படத்தில் இருட்டாகும். அலைய முடியாத நீர் வெளிச்சமாக நிற்கும்.

ஸ்டெய்ஸ்காலும் டானரும் அளந்தவை சோதனைக் குழாயில் இருந்த பொருள்கள். அவற்றில் எந்த இடத்தில் விரவல் எவ்வளவு என்று கேட்க வழியில்லை, ஏனென்றால் படம் எடுக்கும் முறையே அப்போது பிறக்கவில்லை. படம் வந்த பிறகு இரண்டையும் சேர்த்துவைக்க ஒருவர் தேவைப்பட்டார்.

டெனி லெ பியான் பாரிஸில் கதிரியக்கத் துறைப் பயிற்சி மருத்துவர். கூடவே இயற்பியல் படித்தவர். இரண்டையும் ஒரே ஆள் படித்திருந்தது இந்தக் கதையில் சின்ன விஷயமில்லை. 1984-இல் அவருக்கு முன்னால் வந்த கேள்வி மூளையைப் பற்றியதே அல்ல. கல்லீரலில் ஒரு கட்டி தெரிகிறது. அது புற்றுநோயா, அல்லது ஆஞ்சியோமா எனப்படும், ரத்தம் நிறைந்த, ஆபத்தில்லாத முடிச்சா? எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியுமா? லெ பியானுக்கு ஓர் ஊகம் தோன்றியது. புற்றுக்கட்டியில் செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். அங்கே நீர் அலைய இடம் இருக்காது. ஆஞ்சியோமாவில் ரத்தம் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். அங்கே அலைச்சல் கூடுதலாகத் தெரியும். அப்படியானால் ஸ்டெய்ஸ்கால்–டானர் சரிவுகளைப் படம் எடுக்கும் முறைக்குள் செருகிவிட்டால் போதும்.

பிரெஞ்சு நிறுவனமான தாம்சன்-சி.ஜி.ஆர். தயாரித்த 0.5 டெஸ்லா கருவியில் அவர் முயன்றார். கல்லீரல் அவரைக் கைவிட்டது. காரணத்தைப் புரிந்துகொள்வது எளிது. அவர் பிடிக்க நினைத்த அலைச்சல் மைக்ரான் அளவிலானது. மூச்சு இழுத்து விடும்போது கல்லீரல் மேலும் கீழும் போகும் தூரமோ சென்டிமீட்டர் கணக்கு. அன்றைய கருவியில் ஒரு படம் எடுக்கவே பல நிமிடம் பிடித்தது. அவ்வளவு நேரம் மூச்சை அடக்கிக்கொண்டு யார் கிடப்பது?

வேறொருவராக இருந்தால் யோசனையையே மூட்டை கட்டியிருப்பார். லெ பியான் உறுப்பை மாற்றினார். மூளை மண்டையோட்டுக்குள் ஓரளவு அசையாமல் இருக்கிறது. தன் மூளையையும் உடன் வேலை செய்தவர்களின் மூளையையும் முதலில் படம் எடுத்துப் பார்த்தார், பிறகு நோயாளிகளை. படம் வந்தது. 1985-இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் ஏட்டில் ஒரு கட்டுரை, அதே ஆண்டு லண்டனில் நடந்த காந்த ஒத்ததிர்வு மாநாட்டில் படங்கள், 1986-இல் ‘ரேடியாலஜி’ இதழில் விரிவான கட்டுரை. அந்த ஆண்டுகளில் அவர் மட்டும்தான் இந்தத் திசையில் நடந்தார் என்று சொல்ல முடியாது. 1985-இலேயே ஜெர்மனியின் கோட்டிங்கனில் மெர்போல்ட், ஹெனிக்கே, ஃபிராம் மூவரும் விரவல் படங்களை வெளியிட்டிருந்தார்கள். பிரிட்டனில் டெய்லரும் புஷெலும் ஒரு கோழிமுட்டையின் விரவலைப் படமாக வரைந்திருந்தார்கள். முட்டை மூச்சு விடாது, நெளியாது. சோதனைக்கு அதைவிட ஒத்துழைப்பான ஆள் கிடைப்பது கடினம். ஆனால் மருத்துவரின் கேள்வியோடு வந்தவர் லெ பியான். அதனால்தான் இந்த முறையின் பேர் அவரோடு ஒட்டிக்கொண்டது என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் அவருடையது. திசுவில் அளக்கப்படுவது தூய விரவல் இல்லை என்பதை அவர் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார். செல் சுவர்கள் தடுக்கின்றன, நுண்குழாய்களில் ரத்தம் ஓடுகிறது. எல்லாம் கலந்து ஓர் எண்ணாக வெளியே வருகிறது. ஆகவே அதைத் ‘தோற்ற விரவல் எண்’ என்று அழைத்தார். இன்றைக்கு ஸ்கேன் அறிக்கைகளில் ஏ.டி.சி. என்று இருப்பது அதுதான். படத்தில் நீரின் அலைச்சலுக்கு எவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பது என்பதைத் தீர்மானிக்கும் பி மதிப்பும் அவர் வகுத்தது. மூளைக்கு வழக்கமாக 1000 வைப்பார்கள். சுதந்திரமாக அலையும் நீரின் விரவல் எண், உடல் வெப்பநிலையில், சராசரி மூளைத் திசுவினுடையதைப் போல் சுமார் நான்கு மடங்கு. மூளையில் ஒரு நீர் மூலக்கூறு 50 மில்லி விநாடியில் சுமார் 10 மைக்ரான்தான் நகர்கிறது. அது ஒரு செல்லின் அளவு. எம்.ஆர்.ஐ. படத்தின் ஒரு புள்ளியோ ஒன்று இரண்டு மில்லிமீட்டர். செல்லைப் பார்க்கவே முடியாத ஒரு கருவி, செல்களுக்கு நடுவே என்ன நெரிசல் என்பதைச் சொல்கிறது. எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்த இடம் இது.

படம் வந்துவிட்டாலும், மருத்துவமனையில் பயன்படுத்தும் நிலையில் அது இல்லை. நோயாளி தலையை இம்மி அசைத்தாலும் படம் கெடும். பக்கவாதம் வந்தவரிடம் ஆடாமல் கிடங்கள் என்று சொல்லி என்ன பயன்? 1987-இல் லெ பியான் அமெரிக்காவின் தேசிய சுகாதாரக் கழகத்துக்குப் போனார். மான்ஸ்ஃபீல்டின் குழுவில் வேலை பார்த்த ராபர்ட் டர்னரும் நாட்டிங்ஹாமிலிருந்து அங்கே வந்து சேர்ந்தார். சென்ற வாரம் சொன்ன, 1977-இல் மான்ஸ்ஃபீல்ட் யோசித்த எக்கோ பிளேனார் முறை நினைவிருக்கும்: ஒரே தட்டலில், ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் முழுப் படத்தையும் அள்ளிவிடும் வித்தை. டர்னரும் லெ பியானும் அதையும் விரவலையும் இணைத்து 1990-இல் வெளியிட்டார்கள். தலை ஆடுவதற்குள் படம் முடிந்தது. ஆனால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கும் காந்தச் சரிவுச் சுருள்கள் சாதாரண மருத்துவமனைக் கருவிகளில் பரவலாக வர 1990-களின் பிற்பகுதி ஆகிவிட்டது.

அதே 1990-இல், கண்டத்தின் மறு கரையில், சான் ஃபிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மோஸ்லியின் குழு பூனைகளோடு வேலை செய்துகொண்டிருந்தது. பூனையின் மூளைக்குப் போகும் நடுப் பெருமூளைத் தமனியை அடைத்தார்கள். மனிதருக்கு வரும் பக்கவாதத்தில் பெரும்பாலும் அடைபடும் குழாய் அதுதான். பிறகு வழக்கமான எம்.ஆர்.ஐ. படமும் விரவல் படமும் மாறி மாறி எடுத்தார்கள். வழக்கமான படத்தில் இரண்டு மூன்று மணி நேரம்வரை காயம் தெளிவாகத் தெரியவில்லை. விரவல் படத்தில் 45 நிமிடத்திலேயே அடைபட்ட பகுதி பளிச்சென்று வெளுத்துவிட்டது.

அந்தக் கட்டுரையின் முக்கியத்துவத்தை மிகைப்படுத்துவது கடினம். ரத்தம் நின்ற மூளையில் நீரின் அளவு கூடுவதற்கு முன்பே நீரின் அலைச்சல் குறைந்துவிடுகிறது என்பதை அது காட்டியது. ஏன் குறைகிறது? செல் தன் சுவரிலுள்ள பம்புகளைக் கொண்டு சோடியத்தை ஓயாமல் வெளியே இறைத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு ஆற்றல் வேண்டும். ஆற்றல் ரத்தத்தோடு வருகிறது. ரத்தம் நின்றால் சில நிமிடங்களில் பம்பு நின்றுவிடும். சோடியம் உள்ளே புகும், அதன் பின்னால் நீர் புகும், செல் வீங்கும். செல்களுக்கு இடையிலான சந்து, மூளையின் கன அளவில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு, பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். வெளியே இருக்கும் நீருக்கு வழி குறுகிவிட்டது. உள்ளே போன நீருக்குச் சுவர் தடை. இரண்டில் எது எவ்வளவு காரணம், செல்லுக்குள்ளிருக்கும் குழம்பே கெட்டிப்படுகிறதா என்பது பற்றி ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். விளைவில் சந்தேகமில்லை: விரவல் எண் 30 முதல் 50 சதவீதம்வரை சரிகிறது.

பூனையிலிருந்து மனிதருக்கு வர இரண்டே ஆண்டு. 1992-இல் பாஸ்டனில் ஸ்டீவன் வாராக்கும் அவரது குழுவினரும் புதிதாகப் பக்கவாதம் கண்ட நோயாளிகளின் வேக விரவல் படங்களை வெளியிட்டார்கள். வழக்கமான படத்தில் ஒன்றும் தெரியாத மணிநேரங்களில் காயத்தின் இடம் துலங்கியது.

காலம் கூடிவந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அதுவரை பக்கவாதத்தை உடனே கண்டுபிடித்து என்ன செய்வது என்று ஒரு மருத்துவர் கேட்டிருந்தால் பதில் கிடையாது. 1995-இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்று, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஆல்டிபிளேஸ் மருந்தை 3 மணி நேரத்துக்குள் ஏற்றினால் பலன் உண்டு என்று நிறுவியது. 2008-இல் அந்த எல்லை 4.5 மணி நேரமாக நீண்டது. ஒரு பெரிய பக்கவாதத்தில் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பு செல்கள் அழிகின்றன என்று 2006-இல் ஜெஃப்ரி சேவர் கணக்குப் போட்டுக் காட்டினார். இந்தச் சூழலில் 45 நிமிடத்துக்கும் மூன்று மணிக்கும் உள்ள வித்தியாசம் ஏட்டுச் சுரைக்காய் இல்லை.

வாராக் பிறகு தேசிய சுகாதாரக் கழகத்துக்கு வந்தார். அவருடைய குழு 2007-இல் ‘லான்செட்’டில் வெளியிட்ட ஆய்வு, சி.டி.யா எம்.ஆர்.ஐ.யா என்ற சச்சரவுக்கு ஒரு முடிவு கட்டியது. பக்கவாதச் சந்தேகத்தோடு அவசரப் பிரிவுக்கு வந்த 356 பேருக்கு, யார் யார் என்று தேர்ந்தெடுக்காமல், சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் இரண்டும் எடுத்தார்கள். ரத்த அடைப்பால் வந்த பக்கவாதத்தை எம்.ஆர்.ஐ. 46 சதவீதம் பேரிடம் கண்டது, சி.டி. 10 சதவீதம் பேரிடம். அப்படியிருந்தும் இன்றைக்கும் பல ஊர்களில் முதலில் எடுப்பது சி.டி.தான். அதில் தவறில்லை. அது இரண்டு நிமிட வேலை, எங்கும் கிடைக்கும், ரத்தக்கசிவு இல்லை என்று உறுதிசெய்துவிடும். கசிவு இல்லையென்றால் மருந்தை ஏற்றலாம். எம்.ஆர்.ஐ.க்குக் காத்திருந்து நேரத்தைத் தொலைப்பது புத்திசாலித்தனம் ஆகாது. அறிகுறி தெளிவில்லாதபோதும், வேறு ஏதோ நோய் பக்கவாதம்போல் வேஷம் கட்டுகிறதோ என்ற ஐயம் வரும்போதும் விரவல் படத்தின் அருமை தெரியும்.

சில நிமிடங்களில் தானாகச் சரியாகிவிடும் ‘மினி ஸ்ட்ரோக்’ விஷயத்தில் அது நோயின் வரையறையையே மாற்றியது. முன்பு 24 மணி நேரத்துக்குள் அறிகுறி போய்விட்டால் அது தற்காலிகமானது, மூளைக்குக் காயமில்லை என்று வைத்திருந்தார்கள். விரவல் படம் எடுத்துப் பார்த்தால் அப்படிப்பட்டவர்களில் மூவரில் ஒருவருக்காவது எங்கோ ஒரு சிறு வெண்புள்ளி இருந்தது. 2009-இல் அமெரிக்க இதயச் சங்கம் கடிகாரக் கணக்கைக் கைவிட்டு, திசுவில் காயம் உண்டா இல்லையா என்பதையே அளவுகோலாக்கியது.

2018-இல் வந்தது இன்னும் சுவையான ஒன்று. பக்கவாதம் வருபவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது உறக்கத்தில் வருகிறது. காலையில் எழும்போது கை வராது. எப்போது வந்தது? இரவு பதினொன்றுக்கா, விடியற்காலை ஐந்துக்கா? தெரியாது. தெரியாததால் 4.5 மணி நேரக் கணக்கு பொருந்தாது, மருந்து கிடையாது. ஹாம்பர்கைச் சேர்ந்த கோட்ஸ் டோமல்லாவின் தலைமையில் ஐரோப்பாவின் 8 நாடுகளில் நடந்த வேக்-அப் ஆய்வு, திசுவையே கடிகாரமாக்கிப் பார்த்தது. விரவல் படம் சில நிமிடங்களில் வெளுக்கும். ஃபிளேர் எனப்படும் வேறுவகை எம்.ஆர்.ஐ. படம், நீரின் மொத்த அளவு கூடிய பிறகுதான், சில மணி நேரம் கழித்து வெளுக்கும். முதலாவதில் காயம் தெரிந்து இரண்டாவதில் தெரியாவிட்டால், அடைப்பு வந்து 4.5 மணி நேரம் ஆகியிருக்காது என்று பெரும்பாலும் நம்பலாம். அப்படிப்பட்டவர்களுக்கு ஆல்டிபிளேஸ் கொடுத்தார்கள். 90 நாள் கழித்து நன்றாகத் தேறியிருந்தவர்கள் 53.3 சதவீதம், மருந்து பெறாத தரப்பில் 41.8 சதவீதம். இதற்கு ஒரு விலையும் இருந்தது: அறிகுறியோடு கூடிய மூளை ரத்தக்கசிவு 2 சதவீதம் பேருக்கு வந்தது, மறுதரப்பில் 0.4 சதவீதம். 800 பேரைச் சேர்க்கத் திட்டமிட்ட அந்த ஆய்வு, பணம் தீர்ந்துபோனதால் 503 பேரோடு நின்றது. அதனால் எண்களைக் கொஞ்சம் நிதானத்தோடுதான் படிக்க வேண்டும்; ஆனால் சிகிச்சை வழிகாட்டிகள் அதை ஏற்றுக்கொண்டுவிட்டன.

வெளுத்ததெல்லாம் பக்கவாதம் என்று எடுத்துக்கொண்டால் ஆபத்து. கருவி காட்டுவது நோயை அல்ல, நீர் தடைபடுவதை. எது தடுத்தாலும் வெளுக்கும். மூளைச் சீழ்க்கட்டிக்குள் சீழ் கெட்டியாக இருப்பதால் அது வெளுக்கும். நடுவில் அழுகிய புற்றுக்கட்டிக்குள் திரவம் நீர்த்திருப்பதால் அது பெரும்பாலும் வெளுக்காது. வழக்கமான படத்தில் இரண்டும் வளையம் போட்ட உருண்டைகளாக அச்சுப்போல் இருக்கும். ஒன்றுக்குச் சீழை எடுத்து ஆன்டிபயாட்டிக் தர வேண்டும், மற்றதற்குப் புற்றுநோய்ச் சிகிச்சை. மாற்றிச் செய்தால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை. வெறும் நீர்ப்பையான அரக்னாய்டு கட்டியையும், தோல் செதில்கள் அடைந்த எபிடெர்மாய்டு கட்டியையும் இப்படியே பிரிக்கிறார்கள். காதுக்குள் எலும்பை அரிக்கும் கொலஸ்டியாட்டோமா அறுவைக்குப் பிறகு மீண்டும் வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே முன்பு இரண்டாம் முறை காதைத் திறப்பார்கள். எக்கோ பிளேனார் அல்லாத விரவல் படங்கள் பலருக்கு அந்த இரண்டாம் அறுவையைத் தவிர்த்திருக்கின்றன. குரோய்ட்ஸ்ஃபெல்ட்–யாக்கப் நோய் என்ற, மாதக்கணக்கில் ஆளை முடித்துவிடும் பிரியான் நோயில் மூளையின் மேலுறை நெடுக ரிப்பன் ஒட்டியதுபோல் வெளுப்பு ஓடும். முன்பெல்லாம் மூளைத் திசுவை எடுத்துப் பார்த்தால்தான் உறுதிசெய்ய முடியும் என்றிருந்த அந்த நோய்க்கு, உயிரோடு இருக்கும்போதே கிடைக்கும் வலுவான தடயங்களில் ஒன்று இப்போது இது.

பொய் வெளுப்பும் உண்டு. நீர் மிகுந்த பழைய புண், அலைச்சல் தடைபடாமலேயே விரவல் படத்தில் பளபளக்கும். அதற்காகத்தான் ஏ.டி.சி. வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. ஒன்றில் வெளுத்து மற்றதில் கறுத்திருந்தால் உண்மையான தடை. இரண்டிலும் வெளுத்திருந்தால் பழைய நீரின் பளபளப்பு. பக்கவாதக் காயமும் ஏறக்குறைய இரண்டாம் வாரத்தில் ஏ.டி.சி.யில் இயல்புக்குத் திரும்பியதுபோல் நடித்து, பிறகு மறுபக்கம் போகும். மண்ணீரல், நிணக்கணு போன்றவை நலமாக இருக்கும்போதே வெளுத்துத்தான் இருக்கும், ஏனென்றால் அங்கே செல் நெருக்கம் இயல்பு. எதிர்த்தவறும் நடக்கும்: மூளைத் தண்டில் வரும் சிறு பக்கவாதங்கள் முதல் நாள் படத்தில் அகப்படாமல் போவதுண்டு. படம் சுத்தமாக இருக்கிறது என்று நோயாளியை வீட்டுக்கு அனுப்பாத மருத்துவரே நல்ல மருத்துவர்.

மூளைக்கு வெளியே? 1984-இல் லெ பியான் கேட்ட கேள்வி இருபது ஆண்டு கிடப்பில் கிடந்தது என்றால் கொஞ்சம்தான் மிகை. 2004-இல் ஜப்பானின் தாரோ தகஹாரா, மூச்சை அடக்கச் சொல்லாமல், இயல்பாக மூச்சு விடும் நோயாளியின் முழு உடம்பையும் விரவல் படம் எடுக்கலாம் என்று காட்டினார். மூச்சினால் உறுப்பு மொத்தமாக நகர்வதும் அதற்குள் நீர் தாறுமாறாக அலைவதும் வேறு வேறு. முன்னது எல்லோரும் பயந்த அளவுக்குப் பின்னதைக் குழப்புவதில்லை. சுற்றுத் திசுவின் கொழுப்பை மறைத்து, கறுப்பு வெள்ளையை மாற்றிப் போட்டால் அந்தப் படம் பெட் ஸ்கேன்போலவே இருக்கும், கதிரியக்க ஊசி இல்லாமல். எலும்பு மஜ்ஜைப் புற்றான மைலோமாவைச் சந்தேகிக்கும்போது முழு உடல் எம்.ஆர்.ஐ.யை முதல் படமாக எடுக்கலாம் என்று 2016-இல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு பரிந்துரைத்தது. கல்லீரல் ஸ்கேனிலும் இன்று விரவல் படம் இல்லாமல் வேலை நடப்பதில்லை. ஆஞ்சியோமாவின் விரவல் எண் உயர்ந்தும் திடமான புற்றுக்கட்டியின் எண் தாழ்ந்தும் இருக்கும் என்ற அந்த முதல் ஊகம் பெருமளவு சரி என்று ஆனது. விதிவிலக்குகள் உண்டு என்பதால் ரேடியாலஜிஸ்டுகள் அந்த எண்ணை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதுவதில்லை.

புற்றுநோயில் இது மிக ஆழமாக வேர்விட்ட இடம் புராஸ்டேட் சுரப்பி. அதன் வெளிவட்டத்தில் கட்டியைத் தரம் பிரிக்க விரவல் படமே தலைமைச் சாட்சி என்று 2015-இல் வந்த பை-ராட்ஸ் விதிகளின் இரண்டாம் பதிப்பு வகுத்தது. பிரிட்டனில் 576 ஆண்களிடம் நடந்த புராமிஸ் ஆய்வில், தீவிரமான புற்றைக் கண்டுபிடிப்பதில் எம்.ஆர்.ஐ.யின் உணர்திறன் 93 சதவீதம். எந்த இடம் என்று தெரியாமல் பன்னிரண்டு ஊசி குத்தும் பழைய பயாப்சிக்கு 48 சதவீதம். புராமிஸ் வெளிவந்த அடுத்த ஆண்டே, லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த வீரு காசிவிசுவநாதனை முதல் ஆசிரியராகக் கொண்டு 500 பேரிடம் நடந்த பிரிசிஷன் ஆய்வு வெளிவந்தது. முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்து, சந்தேகமான இடத்தில் மட்டும் ஊசி போட்டபோது 38 சதவீதம் பேரிடம் தீவிரப் புற்று அகப்பட்டது. வழக்கமான முறையில் 26 சதவீதம். எம்.ஆர்.ஐ. தரப்பில் 28 சதவீதம் பேர் ஊசியே போட்டுக்கொள்ளாமல் வீடு திரும்பினார்கள். முழுப் பெருமையும் விரவலுக்கு என்று சொல்ல முடியாது, பலவகைப் படங்கள் சேர்ந்த தேர்வு அது. கணிசமான பங்கு அதனுடையது.

இத்தனைக்கும் நடுவில் ஒரு தகவலைத் தாண்டி வந்துவிட்டோம். மோஸ்லியின் பூனைகளிடம் 1990-இல் இன்னொன்றும் தெரிந்தது. மூளையின் வெண்பகுதியில், காந்தச் சரிவை ஒரு திசையில் வைத்தால் ஒரு விரவல் எண்ணும், அதற்குக் குறுக்கே வைத்தால் வேறோர் எண்ணும் கிடைத்தன. அங்கே நீர் எல்லாத் திசையிலும் ஒரேமாதிரி அலையவில்லை. நரம்பு இழையின் நீளவாக்கில் தாராளமாகவும் குறுக்குவாக்கில் தடுமாறியும் அலைந்தது. பக்கவாதத்தைத் தேடியவர்களுக்கு இது மறுபடியும் ஒரு தொல்லை: திசையைப் பொறுத்து நலமான மூளையே ஆங்காங்கே வெளுத்துத் தெரியும். மூன்று திசையில் எடுத்துச் சராசரி போட்டு அதைச் சமாளித்தார்கள். தேசிய சுகாதாரக் கழகத்தில் லெ பியானோடு சேர்ந்த பீட்டர் பாசர் என்ற பொறியியலாளர் சராசரி போட மறுத்தார். திசையை அழிப்பதற்குப் பதில் முழுமையாக அளந்தால், இழைகள் மூளைக்குள் எங்கிருந்து எங்கே போகின்றன என்று வரைந்துவிடலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1994-இல் அவர்கள் வெளியிட்ட கணக்கும், அதிலிருந்து கிளம்பிய வண்ண வண்ண நரம்பு வரைபடங்களும், அவற்றை நம்பி அறுவை அரங்குக்குப் போன நரம்பியல் அறுவை மருத்துவர்களின் அனுபவமும் அடுத்த வாரம்.

(தொடரும்)